இருண்ட பொருளும் இருண்ட ஆற்றலும் பேசிக்கொள்கின்றனவா?

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா, நான் மேல்வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கும் ஆசிரியை. பேரண்டத்தில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து நின்றாள். "இருண்ட பொருள் என்னவென்று தெரியாது என்கிறீர்கள், இருண்ட ஆற்றல் என்னவென்றும் தெரியாது என்கிறீர்கள். அப்புறம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்று மட்டும் எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து தேடினேன். இருண்ட ஆற்றல் இருண்ட பொருளைத் தின்கிறது என்று ஒரு செய்தி, இரண்டும் ஆற்றலைக் கைமாற்றிக்கொள்கின்றன என்று இன்னொரு செய்தி. இது உண்மையா? அப்படியானால் ஆற்றல் அழிவின்மை விதி என்னவாகும்? பால்வீதி சிதறிவிடுமா? அந்த மாணவி இதையே மேலே படிக்க ஆசைப்படுகிறாள். எங்கே தொடங்கச் சொல்வது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மாணவி கேட்டதற்கு நேரான பதில்: தெரியாது. சம்பந்தமில்லை என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அப்படி வைத்துக்கொண்டோம், அந்தக் கணக்கு நன்றாக வேலை செய்தது, அதனால் பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது. சரியான இடத்தைப் பார்த்துத் தட்டியிருக்கிறாள். இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் என் வேலை நாட்களில் பெரும்பகுதி போகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பெட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம். பேரண்டத்தில் உள்ள எல்லாவற்றையும் சமமாகப் பரப்பிவிட்டால் இந்தப் பெட்டிக்குள் எவ்வளவு இருக்கும்? பேரண்டத்தின் மிகப் பழைய ஒளியை அளந்த பிளாங்க் செயற்கைக்கோள் தந்த அளவுகளை வைத்துப் பார்த்தால், இருண்ட ஆற்றல் சுமார் மூன்றரை ஹைட்ரஜன் அணுக்களின் நிறைக்குச் சமம். இருண்ட பொருள் ஒன்றே கால் அணுவுக்குக் கொஞ்சம் மேல். நட்சத்திரம், வாயு, நீங்கள், நான், எல்லாம் சேர்ந்த சாதாரணப் பொருள் கால் அணு.

இப்போது காலத்தைப் பின்னோக்கி ஓட்டுங்கள். சுமார் 790 கோடி ஆண்டுகளுக்கு முன் பேரண்டம் இன்றைய அளவில் பாதி விரிந்திருந்தது. நீளத்தில் பாதி என்றால் கனஅளவில் எட்டில் ஒன்று, அதனால் அன்றைய ஒரு கனமீட்டரில் இருண்ட பொருள் கிட்டத்தட்ட 11 அணுக்கள். இருண்ட ஆற்றல்? அதே மூன்றரை. இன்னும் பின்னே, அந்தப் பழைய ஒளி, அதாவது அண்ட நுண்ணலைப் பின்னணி ஒளி, புறப்பட்ட காலத்துக்குப் போனால், பேரண்டம் இன்றைவிடச் சுமார் 1,090 மடங்கு சுருங்கியிருந்தது. பெட்டிக்குள் இருண்ட பொருள் ஏறக்குறைய 175 கோடி அணுக்கள். இருண்ட ஆற்றல் அப்போதும் மூன்றரை.

இந்த வரலாற்றில்தான் பலருக்குச் சந்தேகம் வந்தது. 175 கோடிக்கு மூன்றரை என்று தொடங்கிய இரண்டு அளவுகள், நாம் வந்து பார்க்கிற காலத்தில் ஒன்றே காலுக்கு மூன்றரை என்று பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. பேரண்டம் இன்னும் ஒரு மடங்கு விரிந்தால் இருண்ட பொருள் அணுவில் ஆறில் ஒரு பங்காகிவிடும். ஒப்பிடும்படியான அளவில் இரண்டும் இருப்பது சின்ன இடைவெளியில் மட்டும், அந்த இடைவெளியில் நாம் இருக்கிறோம். தற்செயலாக இருக்கலாம். ஆனால் ஒன்று மற்றொன்றின் அளவைப் பார்த்து நடந்துகொள்கிறது என்றால் தற்செயல் தேவைப்படாது. கிறிஸ்டோஃப் வெட்டரிச் 1990-களிலும், லூக்கா அமெண்டோலா 2000-லும் இந்த எண்ணத்துக்கு ஒழுங்கான சமன்பாடுகளை எழுதினார்கள். அன்றிலிருந்து இது தனி ஆராய்ச்சிப் பிரிவாகவே வளர்ந்துவிட்டது.

இரண்டையும் பிரித்து வைத்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், வகுப்பில் கேட்பார்கள். இருண்ட பொருள் திரளும். 1933-ல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா என்ற விண்மீன்திரள் கொத்திலும், 1970-களில் வேரா ரூபின் சுழலும் விண்மீன்திரள்களிலும் அதன் ஈர்ப்பைப் பார்த்தார்கள். இருண்ட ஆற்றல் திரளாது, எங்கும் ஒரே சீராகப் பரவி விரிவை வேகப்படுத்தும். 1998-ல் வெடிக்கும் நட்சத்திரங்களான சூப்பர்நோவாக்களை அளந்த இரண்டு குழுக்கள் அதைக் கண்டன. நடத்தை வேறு, அதனால் பெயர் வேறு. நடத்தை வேறு என்பதால் உறவு கிடையாது என்று ஆகிவிடாது.

அடுத்து, ஆற்றல் அழிவின்மை. இதற்காக நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் மொத்தக் கணக்குக்குத்தான் காவல் நிற்கின்றன. ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியாகத் தன் கணக்கைச் சரிக்கட்ட வேண்டும் என்று அவை கேட்பதில்லை. இருண்ட பொருளின் சமன்பாட்டில் வலப்பக்கம் சுழியம் போடுகிற இடத்தில் ஒரு சின்ன எண்ணைப் போடுகிறோம். இருண்ட ஆற்றலின் சமன்பாட்டில் அதே எண்ணைக் கழித்தல் குறியோடு போடுகிறோம். ஒரு கணக்கில் பற்று, மறு கணக்கில் வரவு. கூட்டினால் சுழியம். அந்தச் சின்ன எண் எதைப் பொறுத்தது என்பதில்தான் எல்லாத் தகராறும்.

கைமாற்று இரண்டு விதமாக நடக்கலாம். ஒன்று, ஆற்றலே இடம் மாறுவது. இருண்ட பொருளின் துகள்களுக்கு நிறை மெல்ல மெல்லக் கூடும் அல்லது குறையும் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். இன்னொன்று, ஆற்றல் மாறாமல் உந்தம் மட்டும் மாறுவது. தண்ணீருக்குள் கையை வீசும்போது இழுக்கிற மாதிரி, இருண்ட ஆற்றல் இருண்ட பொருளின் ஓட்டத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். இந்த இரண்டாவது வகையில் பேரண்டத்தின் விரிவு மாறவே மாறாது, விண்மீன்திரள்கள் கூடிச் சேரும் வேகம் மட்டும் குறையும். ஆகவே விரிவை மட்டும் அளந்துவிட்டு உறவில்லை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. வளர்ச்சியையும் சேர்த்து அளந்தாக வேண்டும்.

ஆற்றல் கைமாறுகிற பல கோட்பாட்டு மாதிரிகளில் இன்னொரு விளைவும் கூடவே வரும். இருண்ட பொருள் துகள்களுக்கிடையே, ஈர்ப்பு விசைக்கு மேல் ஒரு புது விசை. அது நம் உடலையும் கோள்களையும் பாதித்தால் எப்போதோ மாட்டியிருக்கும். மைக்ரோஸ்கோப் என்ற செயற்கைக்கோளில் டைட்டானியக் கலவையும் பிளாட்டினக் கலவையும் ஒரே மாதிரி விழுகின்றனவா என்று பார்த்தார்கள். ஒன்றுக்குப் பின் பதினைந்து சுழியம் போட்ட எண்ணில் சில பங்கு அளவு வரை வித்தியாசமே தெரியவில்லை என்று 2022-ல் அறிவித்தார்கள். ஆக, சாதாரணப் பொருளுக்கு இந்த விசையில் பங்கில்லை என்று வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

இருண்ட பொருளுக்கு மட்டும் அந்த விசை இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. பால்வீதியைச் சுற்றி வரும் தனுசுக் குறுந்திரள் என்ற சிறிய விண்மீன்திரள் ஒன்று இருக்கிறது. நம் ஈர்ப்பு அதைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது, பிய்ந்த நட்சத்திரங்கள் அதற்கு முன்னால் ஒரு வாலாகவும் பின்னால் ஒரு வாலாகவும் நீள்கின்றன. அந்தத் திரளின் இருண்ட பொருளை மட்டும் கூடுதல் விசை இழுக்கிறது என்று வையுங்கள். நட்சத்திரங்களுக்கு அந்த இழுப்பு கிடையாது. அவை பின்தங்கும், பின்வால் கொழுக்கும், முன்வால் வற்றும். 2006-ல் மைக்கேல் கெஸ்டனும் மார்க் காமியோன்கோவ்ஸ்கியும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். வானத்தில் இரண்டு வால்களும் இருக்கின்றன. அதிலிருந்து, அப்படி ஒரு விசை இருந்தாலும் அது ஈர்ப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது என்று சொல்ல முடிந்தது. பார்க்கவே முடியாத ஒன்றுக்கும் பார்க்கவே முடியாத இன்னொன்றுக்கும் உள்ள உறவை, கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களை எண்ணிக் கட்டுப்படுத்துகிறோம்.

கோட்பாட்டுப் பக்கமும் கட்டுப்பாடு உண்டு. நினைத்த எண்ணை நினைத்தபடி போட்டுவிட முடியாது. நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது பட்ட பாட்டைச் சொல்கிறேன். இருண்ட பொருளின் அடர்த்திக்கு ஏற்ப ஆற்றல் கைமாறும் என்று எளிமையான ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டு, ஆதியில் இருந்த சின்னச் சின்ன அடர்த்தி ஏற்ற இறக்கங்கள் எப்படி வளர்கின்றன என்று கணினியில் ஓட்டினேன். வரைபடத்தில் கோடு செங்குத்தாக ஏறித் திரையை விட்டே போய்விட்டது. எங்கோ ஒரு கழித்தல் குறியைத் தவறவிட்டிருப்பேன் என்று நினைத்து, மூன்று வாரம் ஒவ்வொரு வரியாகக் கையால் சரிபார்த்தேன். கைமாற்று எண்ணைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தேன். கோடு கொஞ்சம் தாமதமாக ஏறியது, ஆனால் ஏறியது. நூறில் ஒன்றாகக் குறைத்தாலும் அதே கதை.

தவறு நிரலில் இல்லை. வாலிவிட்டா, மாயரொட்டோ, மார்ட்டென்ஸ் மூவரும் 2008-ல் எழுதிய கட்டுரையைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. இருண்ட ஆற்றலின் அழுத்தத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதம் மாறாமல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், இந்த வகை மாதிரியில் கைமாற்று எவ்வளவு சிறியதானாலும் ஏற்ற இறக்கங்கள் வெடித்துப் பெருகும் என்று அவர்கள் காட்டியிருந்தார்கள். நம் பெட்டிக்குள் பார்த்தால் காரணம் புரியும். ஆதியில் ஒருபக்கம் கோடிக்கணக்கு, மறுபக்கம் மூன்றரை. கோடி வைத்திருப்பவரின் கணக்குப்படி வரவு செலவு செய்தால் மூன்றரை வைத்திருப்பவர் தாங்க மாட்டார். அந்த மாதிரியைத் தூக்கிப்போட்டோம். கைமாற்று இருண்ட ஆற்றலின் அளவைப் பொறுத்தது என்று மாற்றினாலோ, அழுத்த விகிதம் காலத்தோடு மாற விட்டாலோ பிழைக்கிற மாதிரிகள் இருக்கின்றன. அவற்றைத்தான் இப்போது தரவுகளோடு ஒப்பிடுகிறோம்.

சரி, தரவு என்ன சொல்கிறது? ஒரு சின்னக் கணக்கு போடலாம். இருண்ட பொருளின் அடர்த்தி, விரிவின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. அதனால்தான் பாதி அளவில் எட்டு மடங்கு வந்தது. இருண்ட ஆற்றலிலிருந்து கொஞ்சம் ஆற்றல் எப்போதும் இருண்ட பொருளுக்கு ஒழுகுகிறது, அதனால் அடுக்கு 3-க்குப் பதில் 2.9 என்று வையுங்கள். சின்ன மாற்றம் போலத்தான் தெரியும். ஆனால் 1,090-ஐ 0.1 என்ற அடுக்குக்கு உயர்த்திப் பாருங்கள், 2 வரும். அதாவது நுண்ணலைப் பின்னணிக் காலத்தில் இருண்ட பொருள் நாம் நினைத்ததில் பாதிதான் இருந்திருக்க வேண்டும். அந்தக் காலத்து அளவை பிளாங்க் செயற்கைக்கோள் சுமார் ஒரு விழுக்காட்டுத் துல்லியத்தில் அளந்திருக்கிறது. பாதி என்பது நடக்கவே நடக்காது. எல்லாக் காலத்திலும் ஒரே சீராக நடக்கும் கைமாற்று மிக மிகச் சிறியதாகத்தான் இருக்க முடியும் என்பது இந்த ஒரு வரியிலேயே வந்துவிடுகிறது. ஆதியில் ஒன்றும் நடக்கவில்லை, கடைசிச் சில நூறு கோடி ஆண்டுகளில்தான் உறவு தொடங்கியது என்றால் இந்தப் பிடி தளர்ந்துவிடும். அங்கேதான் இப்போது எல்லோர் கண்ணும்.

அதற்குக் காரணம் டெசி. அரிசோனாவின் கிட் பீக்கில் உள்ள 4 மீட்டர் தொலைநோக்கியில் 5,000 ஒளியிழைகளைப் பொருத்தி, விண்மீன்திரள்களின் தூரத்தை அளக்கும் கருவி. 2025 மார்ச்சில் 1.4 கோடிக்கு மேற்பட்ட விண்மீன்திரள்களையும் குவாசர்களையும் வைத்து அந்தக் குழு வெளியிட்ட முடிவு, இருண்ட ஆற்றல் மாறாத ஒன்றாக இல்லாமல் காலத்தோடு மாறுகிறது என்ற பக்கம் சாய்ந்தது. பிளாங்க் தரவையும் சூப்பர்நோவாத் தரவையும் சேர்த்துப் பார்த்தால், எந்தச் சூப்பர்நோவாத் தொகுப்பை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து 2.8 முதல் 4.2 சிக்மா வரை. ஒரு முடிவு வெறும் தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதன் அளவுதான் சிக்மா. இயற்பியலில் கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்ல 5 வேண்டும்.

அதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. அந்தத் தரவுகளுக்குப் பொருந்தி வந்த கணக்கை அப்படியே நம்பினால், இருண்ட ஆற்றலின் அடர்த்தி முதலில் ஏறி, 400, 500 கோடி ஆண்டுகளுக்கு முன் உச்சம் தொட்டு, அப்புறம் இறங்குகிறது. இறங்குவதைப் புரிந்துகொள்ளலாம். வெளி விரிய விரிய அடர்த்தி ஏறுவது என்பது எளிய கோட்பாடுகளில் வரவே வராது. இங்கேதான் உங்கள் மாணவியின் கேள்வி நேராக உள்ளே வருகிறது. கைமாற்றே கிடையாது என்ற எண்ணத்தோடு கணக்குப் போட்டவருக்கு அப்படித் தெரிகிறது. உண்மையில் இருண்ட பொருள் 3-ஐ விடக் கொஞ்சம் குறைந்த அடுக்கில் நீர்த்துக்கொண்டிருந்தால்? இன்றைய அளவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடும்போது, பழைய காலத்து இருண்ட பொருளை நாம் கூடுதலாக மதிப்பிட்டுவிடுவோம். மொத்தம் அளந்து வைத்தது. ஒன்றைக் கூட்டிச் சொன்னால் மற்றதைக் குறைத்துத்தான் சொல்ல வேண்டும். அதனால் பழைய இருண்ட ஆற்றல் குறைவாக இருந்து பின்னால் ஏறியது போலத் தோன்றும். ஏறாத ஒன்று ஏறினதாக, நம் கணக்கின் அனுமானமே காட்டும். தாஸ், கொராசனிட்டி, கூரி மூவரும் 2006-லேயே இதை எழுதிவிட்டார்கள். டெசி முடிவு வந்தபின் பலரும் அந்த யோசனைக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

இத்தனை சொன்ன பிறகும், கைமாற்று நடக்கிறது என்று நான் நம்புகிறேனா? இல்லை, இன்னும் இல்லை. முக்கியமான காரணம், எந்த மாதிரியை எடுக்கிறோமோ அதைப் பொறுத்து ஓட்டத்தின் திசையே மாறிவிடுகிறது. மேலே சொன்ன விளக்கத்துக்கு இருண்ட பொருள் வாங்குகிற பக்கம் இருக்க வேண்டும். விரிவு வேகத்தில் உள்ள முரணை, அதாவது மெகாபார்செக்குக்கு நொடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற அலகில் பிளாங்க் வழியாக 67.4 என்றும், சூப்பர்நோவா வழியாக 73 என்றும் வரும் ஹபிள் மாறிலியை, சமாதானப்படுத்த முன்வைக்கப்பட்ட மாதிரிகளில் இருண்ட பொருள் கொடுக்கிற பக்கம் இருக்கிறது. ஒரே உறவு ஒரே நேரத்தில் இரண்டு திசையிலும் ஓடாது. இரண்டு புதிருக்கும் ஒரே விடை என்று எழுதுகிற செய்திகள் இதைச் சொல்வதில்லை.

இன்னொரு அனுபவமும் என்னை நிறுத்தி வைக்கிறது. பேரண்டத்தில் பொருள் எவ்வளவு திரண்டிருக்கிறது என்பதில் பல ஆண்டுகளாக ஒரு சின்ன முரண் இருந்தது. ஒளி வளைவதை வைத்து அளந்த அளவு, பிளாங்க் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தது. மேலே சொன்ன அந்த இழுத்துப்பிடிப்பு அதற்கு அழகாகப் பொருந்தியது. நானும் அதில் மெனக்கெட்டேன். 2025-ல், ஒளி வளைவை அளக்கும் கிட்ஸ் என்ற ஆய்வின் நிறைவுத் தொகுப்பு வந்தது, பிளாங்க்கோடு ஒத்துப்போனது. நாங்கள் விளக்க முயன்ற முரணில் பெரும்பகுதி அளவீடு மேம்பட்டதும் கரைந்துவிட்டது. டெசி முடிவுக்கும் அப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. யூக்ளிட் தொலைநோக்கி 2023 முதல் விண்ணில் இருக்கிறது, ரூபின் ஆய்வகம் 2025-ல் முதல் படங்களைத் தந்தது. விரிவையும் வளர்ச்சியையும் சேர்த்து அவை அளக்கும்போது, இருண்ட ஆற்றல் தானாக மாறுகிறதா, இருண்ட பொருளோடு உறவாடி மாறுகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியும். விரிவை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

பால்வீதி சிதறாது. நம் சூரியனுக்குப் பக்கத்தில் ஒரு கனமீட்டரில் உள்ள இருண்ட பொருள் சுமார் 3, 4 லட்சம் ஹைட்ரஜன் அணுக்களுக்குச் சமம். இருண்ட ஆற்றல் இங்கேயும் மூன்றரைதான். இப்போதைய தரவுகள் இடம் தருகிற அளவுக்குக் கைமாற்று நடந்தாலும், நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகளில் சில விழுக்காடு மாறினால் அதிகம். "தின்கிறது" என்ற சொல்லைக் குழந்தைகளிடம் பயன்படுத்த வேண்டாம், வீணாகப் பயப்படுவார்கள்.

உங்கள் மாணவிக்கு: இப்போதைக்கு இந்தத் தலைப்பிலேயே கட்டுரைகளைத் தேடிப் படிக்க வேண்டாம், பாதி புரியாமல் சோர்ந்துவிடுவாள். வகைக்கெழுச் சமன்பாடுகளை நன்றாகப் பழகட்டும். பைத்தான் கற்றுக்கொள்ளட்டும். அண்டவியலில் அன்றாடம் பயன்படும் நிரல்கள் பலவும் இலவசம், பிளாங்க், டெசி தரவுகளும் பொதுவில் கிடைக்கின்றன. நல்ல கேள்வி ஏற்கெனவே அவளிடம் இருக்கிறது. கணக்குதான் இன்னும் கைக்கு வர வேண்டும்.

அடுத்த வகுப்பில் அந்தப் பெட்டியைக் கரும்பலகையில் வரையுங்கள். 2.9-க்கு நான் போட்ட கணக்கை அவளையே 2.99-க்குப் போடச் சொல்லுங்கள், கால்குலேட்டர் போதும். வரும் விடையைப் பிளாங்க்கின் ஒரு விழுக்காட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, 2.99 தப்புமா மாட்டுமா என்று அவளே முடிவு செய்யட்டும். என்ன முடிவுக்கு வந்தாள் என்று எனக்கு எழுதுங்கள்.